வளரும் கண்ணும் வளராத லென்ஸும்

அக்காவின் பேரனுக்கு அப்போது 28 நாள். முற்றத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே அவனைக் கிடத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். துவட்டுவதற்காக மல்லாக்கத் திருப்பியபோது காலை வெயில் முகத்தில் சரிந்து விழுந்தது. இடது கண்ணின் பாப்பாவுக்குள் சாம்பல் பூத்த மாதிரி ஒரு வெள்ளைப் பொட்டு. "ஏட்டி, இங்க வா. புள்ள கண்ணுல என்னமோ வெள்ளையா தெரியுது பாரு" என்று மகளைக் கூப்பிட்டாள். "சாம்பிராணிப் புகையா இருக்கும்மா" என்றாள் மகள். புகை இல்லை. மறுநாளும் அந்தப் பொட்டு அங்கேயே இருந்தது.

அதற்குப் பிறகு ஆளுக்கொரு வைத்தியம். கண்ணில் பூ விழுந்திருக்கிறது, தாய்ப்பால் விட்டால் கரைந்துவிடும் என்றார்கள். அக்கா விடவில்லை, அது ஒன்று நல்லதாயிற்று, ஏனென்றால் கண்ணில் விட்ட பால் கிருமிக்குத்தான் தீனி. டார்ச் அடித்துப் பார்த்த ஒரு மருத்துவர் கண்புரை என்று சரியாகவே சொன்னார். கூடவே, "இப்ப ஒண்ணும் செய்ய வேண்டாம், புரை நல்லா முத்தட்டும், பள்ளிக்கூடம் போற வயசுல எடுத்துக்கலாம்" என்றும் சொல்லி அனுப்பினார். வலது கண் நன்றாக இருந்ததால் வீட்டிலும் யாருக்கும் அவசரம் தோன்றவில்லை. பையன் முகம் பார்த்தான், சிரித்தான், கை நீட்டினான். செய்தி எனக்கு எட்டி, குழந்தைகளுக்கென்று தனிப்பிரிவு உள்ள ஒரு கண் மருத்துவமனைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு மூன்று மாதம் கடந்திருந்தது. அங்கிருந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "எப்பம்மா முதல்ல பார்த்தீங்க?" அந்தக் கேள்வியின் கனம் எனக்குப் பின்னால்தான் விளங்கியது. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததும் அந்தக் கேள்விதான்.

புரை முற்றட்டும் என்ற பேச்சு பெரியவர்களின் கண்ணிலிருந்து வந்தது. லென்ஸை முழுசாக வெளியே எடுத்த அந்தக் காலத்து அறுவையில், புரை முதிர்ந்து கெட்டிப்பட்டால் எடுக்கச் சுலபம் என்று காத்திருந்தார்கள். இன்று பெரியவர்களுக்கே அது தேவையில்லை. குழந்தை விஷயத்தில் அப்படிக் காத்திருப்பது பார்வையைப் பறிக்கும். அறுபது வயதுக்காரர் அறுபது வருஷம் பார்த்துப் பழகியவர். மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால், மூளை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து பார்க்கும். பிறந்த குழந்தையின் மூளைக்குப் பார்க்கவே தெரியாது. கண் அனுப்பும் படத்தைக் கொண்டுதான் அது பார்க்கக் கற்கிறது. படம் வராமல் போனால் கற்றலும் நின்றுபோகும்.

இதைக் கண்முன் நிறுத்தியவர்கள் டேவிட் ஹூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இருவர். 1960-களின் தொடக்கத்தில், பிறந்து சில நாளே ஆன பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணிமையைத் தைத்து மூடினார்கள். சுமார் மூன்று மாதம் கழித்துத் தையலைப் பிரித்தார்கள். கண்ணில் ஒரு குறையும் இல்லை. ஒளி உள்ளே போனது, விழித்திரை வேலை செய்தது. ஆனாலும் அந்தக் கண் குருடாகவே இருந்தது. மூளையின் பார்வைப் பகுதியில் அந்தக் கண்ணுக்குச் சேரவேண்டிய செல்களை எல்லாம் திறந்திருந்த கண் எடுத்துக்கொண்டுவிட்டது. வளர்ந்த பூனைக்கு இதையே செய்தபோது ஒரு பாதிப்பும் வரவில்லை. இரண்டு கண்ணையும் மூடி வைத்த குட்டிகளில் சேதம் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. ஆக, வெளிச்சம் இல்லாதது மட்டும் காரணமில்லை; இரண்டு கண்ணும் மூளையில் இடத்துக்காகப் போட்டி போடுகின்றன, படம் தராத கண் தன் பங்கை இழக்கிறது. இந்த வேலைக்காக இருவருக்கும் 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது.

குழந்தைகளின் கண்புரைக்கு நாள் குறித்தது இந்த அறிவுதான். ஒரு கண்ணில் மட்டும் அடர்த்தியான புரை என்றால் பிறந்து ஆறு வாரத்துக்குள், இரண்டு கண்ணிலும் என்றால் எட்டு முதல் பத்து வாரத்துக்குள் எடுத்துவிடுவது நல்லது என்பது இன்று கண் மருத்துவர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் கணக்கு. இரண்டு கண்ணிலும் புரை இருப்பதைவிட ஒரு கண்ணில் மட்டும் இருப்பதற்கு அவசரம் கூடுதல் என்பது கேட்பதற்கு விநோதமாக இருக்கலாம். பூனைக்குட்டியை நினைத்துப் பார்த்தால் புரியும். எங்கள் வீட்டில் "இன்னொரு கண்ணுதான் நல்லா இருக்கே" என்று ஆறுதல் பட்டோம். அந்த நல்ல கண்தான் நாள்தோறும் மற்றதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

மூன்று மாத வாக்கில் இன்னோர் அடையாளம் வரும். இரண்டு கண்ணிலும் புரையோடு இருக்கும் குழந்தையின் விழிகள் தாமாக ஊஞ்சல் மாதிரி ஆடத் தொடங்கும். பார்வையை ஓரிடத்தில் நிறுத்தும் பழக்கம் அமையவேண்டிய பருவத்தில் நிறுத்துவதற்கு எதுவும் கிடைக்கவில்லை என்பதற்கான சாட்சி அது. ஆட்டம் வந்த பிறகும் அறுவை செய்யலாம், செய்யவேண்டும். ஆனால் ஆட்டம் பெரும்பாலும் தங்கிவிடும்.

லென்ஸ் ஏன் மங்குகிறது? அதைவிட, அது எப்படித் தெளிவாக இருக்கிறது என்று கேட்பதுதான் பொருத்தம். உடம்பில் ரத்தக் குழாய் இல்லாத உறுப்புகள் அபூர்வம். லென்ஸ் அதில் ஒன்று. கருவில் வளரும்போது அதைச் சுற்றி ரத்தக் குழாய் வலை ஒன்று இருக்கும், பிறப்பதற்குள் அது கரைந்துவிடும். உள்ளே உள்ள செல்கள் நார்களாக நீண்டு, தங்கள் உட்கருவைக்கூட விட்டுக்கொடுத்து, கிரிஸ்டலின் என்னும் புரதத்தை நெருக்கி அடுக்கிக்கொள்கின்றன. அந்த அடுக்கு ஒழுங்காக இருக்கும்வரை ஒளி தடையில்லாமல் போகும். ஒழுங்கு குலைந்தால் ஒளி சிதறும், வெள்ளையாகத் தெரியும். முட்டையின் வெள்ளைக்கரு வெந்ததும் தெளிவு போய்விடுவது போலத்தான்.

குலைவதற்குக் காரணங்கள் பல. பரம்பரையாக வரலாம், நெருங்கிய உறவுத் திருமணங்களில் சில வகைகள் கூடுதல். அந்தக் கருவறை ரத்தக் குழாய் வலை கரையாமல் தங்கிவிட்டால், பெரும்பாலும் ஒரே கண்ணில் புரை வரும். கேலக்டோசீமியா என்ற பிறவிக் குறைபாட்டில் பாலிலுள்ள ஒரு சர்க்கரையைக் குழந்தையால் செரித்துப் பயன்படுத்த முடியாது. லென்ஸில் எண்ணெய்த் துளி மிதப்பது போன்ற புரை தோன்றும். உடனே கண்டுபிடித்துத் தாய்ப்பால் உட்பட எல்லாப் பாலையும் நிறுத்தினால், அறுவையே இல்லாமல் அந்தப் புரை தெளிந்துவிடக்கூடும். எனக்குத் தெரிந்து கத்தி படாமல் குணமாகக்கூடிய கண்புரை அது ஒன்றுதான். பெரிய குழந்தைகளில் கிட்டிப்புள், பட்டாசு, குச்சி முனை என்று காயத்தால் வருவதும் உண்டு. பல குழந்தைகளில் காரணமே பிடிபடாது. எங்கள் பையன் அந்தக் கூட்டம்.

ஒரு காரணத்தை மட்டும் நின்று சொல்லவேண்டும். 1941-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவரிடம், வழக்கத்துக்கு மாறாகப் பிறவிக் கண்புரையோடு குழந்தைகள் வரிசையாக வந்தன. காத்திருக்கும் அறையில் தாய்மார் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது: மசக்கை காலத்தில் தங்களுக்கு ஜெர்மன் அம்மை வந்ததென்று. முந்திய ஆண்டு அங்கே அந்த அம்மை பரவலாக இருந்தது. மேனியில் இரண்டு நாள் சிவப்புப் புள்ளி, லேசான காய்ச்சல்; யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத நோய். கிரெக் மற்ற மருத்துவர்களிடமும் விசாரித்து 78 குழந்தைகளின் கதையைச் சேர்த்தார். அவர்களில் பெரும்பாலோரின் தாய்மாருக்குக் கர்ப்பத்தின் ஆரம்பத்தில் அந்த அம்மை வந்திருந்தது. கருவில் லென்ஸ் உருவாகும் வாரங்களும் அவைதான். அந்த அம்மையைத் தரும் ரூபெல்லா வைரஸ் அந்தக் குட்டி லென்ஸுக்குள் குடியேறி, குழந்தை பிறந்து பல மாதம் ஆன பிறகும் உயிரோடு இருக்கும். இதயம், காது, மூளை எல்லாவற்றையும் அது தொடும்.

கிரெக்கின் அவதானிப்பு நமக்கு அந்நியமானதில்லை. 1990-களில் மதுரையில் 366 குழந்தைகளை ஆராய்ந்தபோது, கண்புரைக்கு ரூபெல்லா காரணமாக இருந்தது சுமார் 15 சதவீதத்தினருக்கு. ஒரு வயதுக்கு உட்பட்டோரை மட்டும் எடுத்தால் நாலில் ஒருவருக்கு. ரூபெல்லாவுக்குத் தடுப்பூசி 1969-லேயே வந்துவிட்டது. நம் நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில்தான் தொடங்கியது. முதலில் எடுத்துக்கொண்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஒன்பது மாதத்திலிருந்து 15 வயதுவரை உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் போட்டார்கள். அந்தச் சமயத்தில் வாட்ஸப்பில் பரவிய பயத்தை நம்பிப் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திக்கொண்ட பெற்றோரை எனக்குத் தெரியும். இன்னும் பிறக்காத ஒரு குழந்தையின் கண்ணுக்காகவும் அந்த ஊசி என்பதை அவர்களுக்கு யாராவது உட்கார்த்திச் சொல்லியிருக்கவேண்டும்.

இனி அறுவை அறைக்குள். குழந்தையின் பாப்பாவில் வெள்ளை தெரிந்தால் முதலில் தீர்த்துக்கொள்ளவேண்டிய சந்தேகம் ஒன்று இருக்கிறது. விழித்திரையில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் புற்றுநோயும் வெளியிலிருந்து அதே வெள்ளையாகத்தான் தெரியும். புரை அடர்த்தியாக இருந்து பின்பக்கம் பார்க்க முடியாதபோது அல்ட்ராசவுண்டு எடுத்து, பின்னால் கட்டி இல்லை என்று உறுதி செய்த பிறகே கத்தியைத் தொடுவார்கள்.

பெரியவர்களுக்குச் சொட்டு மருந்து மரப்பே போதும். குழந்தைக்கு முழு மயக்கம் வேண்டும். மூன்று மாதக் குழந்தையை மயக்கத்தில் வைப்பதற்கென்றே பழகிய மயக்கவியல் மருத்துவர் வேண்டும். சிறு ஊர்களில் இந்த அறுவை நடக்காததற்கு அதுவும் ஒரு காரணம். நுண்ணோக்கியின் கீழே தெரியும் கருவிழியின் அகலம் ஒரு சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். அதன் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவில் சிறு துளைகள். உள்ளே இடம் உண்டாக்க ஜெல்லி போன்ற ஒரு திரவம். பிறகு நீலச் சாயம் ஒரு சொட்டு. லென்ஸின் உறை கண்ணுக்குத் தெரியவேண்டும் அல்லவா.

திறமை எல்லாம் அந்த உறையைத் திறப்பதில் இருக்கிறது. முன்பக்க உறையில் நடுவே வட்டமாக ஒரு வாசல் வெட்டவேண்டும். பெரியவர்களின் உறை செலோபேன் தாள் மாதிரி, இழுத்த பக்கம் கிழிந்து வரும். குழந்தையின் உறை பலூன் ரப்பர் மாதிரி. வட்டமாகக் கிழிக்க நினைத்தால், இழுவிசை தாங்காமல் விளிம்பை நோக்கி ஓடிவிடும். ஓடிவிட்டால் லென்ஸ் வைக்கும் பையே போயிற்று. அதனால் கிழிசலை அடிக்கடி விட்டு விட்டுப் பிடித்து, வட்டத்தின் மையத்தை நோக்கியே இழுத்து இழுத்து மெல்ல நகர்த்துவார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் அறையில் யாரும் பேசமாட்டார்கள் என்று அங்கே வேலை செய்த செவிலியர் ஒருவர் என்னிடம் சொன்னார்.

உறை திறந்துவிட்டால் மிச்சம் சுலபம். முதியவர்களின் புரை கெட்டியாக இருக்கும். அல்ட்ராசவுண்டால் உடைத்துத்தான் எடுக்கவேண்டும். குழந்தையின் லென்ஸ் இளநுங்கு. உறிஞ்சினாலே வந்துவிடும். நுங்கை எடுத்த பின் தோல் மிஞ்சுவது போல மெல்லிய உறை மட்டும் பையாகக் கண்ணுக்குள் தங்கும்.

பெரியவர்களுக்கு அந்தப் பையில் செயற்கை லென்ஸை வைத்துவிட்டு அறுவையை முடித்துக்கொள்ளலாம். பின்னால் உறை மங்கினால், லேசர் இயந்திரத்தின் முன் உட்காரவைத்து ஒரு துளை போட்டால் தீர்ந்தது. குழந்தைக்கு அப்படி விடமுடியாது. உறையில் ஒட்டியிருக்கும் செல்கள் குழந்தைக் கண்ணில் வெறிகொண்டதுபோல் பெருகும். பின் உறையை அப்படியே விட்டுவைத்தால் அது மறுபடி மங்குவது ஏறக்குறைய நிச்சயம். லேசர் முன் ஆடாமல் அசையாமல் உட்காரவும் அதற்குத் தெரியாது. ஆகவே அதே அறுவையில் பின் உறையிலும் ஒரு வாசல் வெட்டி, அதன் பின்னால் இருக்கும் கண்ணாடிக் குழைமத்தில் கொஞ்சம் எடுத்துவிடுவார்கள். கடைசியில் தலைமுடியைவிட மெல்லிய நூலால் தையல். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் தையலே வேண்டாம். குழந்தைக் கண்ணின் சுவர் மெத்தென்று இருப்பதால் துளை தானாக மூடாது. குழந்தை கண்ணைக் கசக்கவும் செய்யும்.

செயற்கை லென்ஸை வைப்பதா, வேண்டாமா என்பதில்தான் எங்கள் வீட்டார் ஒரு முழு நாள் குழம்பினார்கள்.

கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் என்ற யோசனை லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையின் ஹெரால்டு ரிட்லியுடையது. இரண்டாம் உலகப் போரில் விமானத்தின் பிளாஸ்டிக் கூரை உடைந்து சில்லுகள் கண்ணில் ஏறிய விமானிகளுக்கு அவர் வைத்தியம் பார்த்தார். இந்தப் பிளாஸ்டிக் உள்ளே சும்மா கிடந்தது, கண் அதை எதிர்க்கவில்லை. அதே பொருளில் லென்ஸ் செய்து 1949 நவம்பர் 29-ஆம் தேதி ஒரு பெண்மணியின் கண்ணில் வைத்தார். கண் ஏற்றுக்கொண்டது, ஆனால் லென்ஸின் பவர் மிக அதிகமாகிப்போய், அவருக்குக் கடும் கிட்டப்பார்வை வந்துவிட்டது. எந்தக் கண்ணுக்கு எத்தனை பவர் என்ற கணக்கு அப்போது யாருக்கும் கைவரவில்லை. இன்று பெரியவர்களுக்கு அந்தக் கணக்கு துல்லியம். 1992-இல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப், வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த லென்ஸை அதன் விலையில் சிறு பங்குக்கு இங்கேயே செய்து காட்டியது. அதற்குப் பிறகு ஏழை வீட்டு முதியவருக்கும் லென்ஸ் எட்டாத பொருளாக இல்லை.

குழந்தைக்கு லென்ஸின் விலை சிக்கலில்லை. கண் வளர்வதுதான் சிக்கல்.

பிறந்த குழந்தையின் கண், முன்னிருந்து பின்னுக்கு அளந்தால் சுமார் 17 மில்லிமீட்டர். வளர்ந்தவரின் கண் 23 அல்லது 24. அந்த வளர்ச்சியில் பெரும்பகுதி முதல் இரண்டு வருஷத்துக்குள் நடந்துவிடும். கண் நீள நீள விழித்திரை பின்னால் போகும். படத்தை அங்கே குவிக்கக் குறைந்த பவரே போதும். இயற்கை லென்ஸ் இதற்கு ஈடுகொடுத்துத் தன்னைத் தட்டையாக்கிக்கொண்டே வரும். கருவிழியும் தன் வளைவைக் குறைத்துக்கொள்ளும். எவ்வளவு அழகான ஒத்துழைப்பு அது! பிளாஸ்டிக்குக்கு அது தெரியாது. மூன்று மாதத்தில் கச்சிதமாகப் பொருந்திய லென்ஸ், மூன்று வயதில் கடும் கிட்டப்பார்வை கொடுக்கும். கண்ணின் நீளத்தை அளப்பதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் மூன்று டயாப்டருக்குக் குறையாமல் கணக்குத் தப்பும். அந்த அளவையும் குழந்தை மயக்கத்தில் இருக்கும்போதே எடுக்கவேண்டும்.

அதனால் மருத்துவர்கள் வேண்டுமென்றே பவரைக் குறைத்து வைப்பார்கள். தைக்கக் கொடுக்கும்போது வளரும் பிள்ளைக்குச் சட்டையைக் கொஞ்சம் பெரிதாக விடுவது நமக்குப் பழக்கம்தானே, அதே யோசனை. இரண்டு வயதுக்குள் என்றால் தேவையில் 20 சதவீதம் குறைவு, எட்டு வயதுவரை 10 சதவீதம் குறைவு என்று ஒரு கணக்கு. இன்னொன்று ஏழு விதி: குழந்தையின் வயதையும், விட்டுவைக்கும் தூரப்பார்வைப் பவரையும் கூட்டினால் ஏழு வரவேண்டும். ஒரு வயதில் வைத்தால் பிளஸ் 6 மிச்சம், இரண்டு வயதில் பிளஸ் 5, ஏழு வயதில் ஒன்றும் மிச்சமில்லை. அந்த மிச்சத்தை அதுவரை மூக்குக்கண்ணாடி சுமக்கும். வருஷத்துக்கு வருஷம் கண்ணாடியின் பவர் இறங்கும். கண் எப்படி வளரும் என்பதை ஊகித்து வைக்கும் கணக்கு இது. எல்லாக் குழந்தையின் கண்ணும் அந்த ஊகத்துக்குக் கட்டுப்பட்டு வளர்வதில்லை.

வைக்காமல் விட்டால்? லென்ஸே இல்லாத கைக்குழந்தைக் கண்ணுக்கு பிளஸ் 20-க்கும் மேல் பவர் வேண்டும். இரண்டு கண்ணிலும் புரை எடுத்த குழந்தைக்குச் சோடாப்புட்டிக் கண்ணாடி, பின்மண்டையில் எலாஸ்டிக் பட்டி போட்டு மாட்டலாம். முதல் இரண்டு நாள் பிய்த்து எறியும். மூன்றாம் நாள், கழற்றினால் அழும். தெரிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஒற்றைக் கண்ணில் மட்டும் என்றால் கண்ணாடி ஒத்துவராது. ஒரு கண்ணில் உலகம் பெரிதாகவும் மறு கண்ணில் சிறிதாகவும் தெரிந்தால் மூளை என்ன செய்யும்? அதற்குக் கான்டாக்ட் லென்ஸ்தான் வழி.

உள்ளே லென்ஸ், வெளியே கான்டாக்ட் லென்ஸ், இந்த இரண்டில் எது நல்லது என்பதை நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று அமெரிக்காவில் நடந்தது. 2004 டிசம்பரில் தொடங்கி, ஒரு கண்ணில் மட்டும் புரையோடு வந்த 114 கைக்குழந்தைகளை, ஏழு மாதம் நிரம்பாதவர்களாகச் சேர்த்தார்கள். பாதிப்பேருக்கு உள்ளே லென்ஸ், பாதிப்பேருக்குக் கான்டாக்ட் லென்ஸ். நாலரை வயதில் பார்வையை அளந்தபோது இரண்டு கூட்டத்துக்கும் சராசரியில் வித்தியாசமே இல்லை. வித்தியாசம் வேறிடத்தில் இருந்தது. உள்ளே லென்ஸ் வைத்தவர்களில் 72 சதவீதத்தினரின் கண்ணுக்குள் ஐந்து வயதுக்குள் மறுபடி அறுவை செய்ய நேர்ந்தது. மற்ற கூட்டத்தில் 21 சதவீதம். ஏழு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு லென்ஸ் வைப்பதில் நிதானம் வேண்டும், கான்டாக்ட் லென்ஸைக் கையாள முடியாத, அதற்குச் செலவு செய்ய முடியாத குடும்பத்துக்கே அது என்ற கருத்து அதிலிருந்து வலுத்தது. இப்போது வைக்காமல் உறையின் ஓரத்தைப் பத்திரமாக விட்டுவைத்து, சில வருஷம் கழித்து அதிலேயே லென்ஸ் பொருத்தும் வழியும் இருக்கிறது.

எங்கள் அக்கா மகளுக்கு இதையெல்லாம் மருத்துவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். "கான்டாக்ட் லென்ஸ்னா நீங்கதான் தினமும் கண்ணுல போட்டு எடுக்கணும்மா. கை சுத்தம் ரொம்ப முக்கியம். தொலைஞ்சா உடனே வேற வாங்கணும். முடியுமா?" அவள் வீட்டைச் சுற்றிக் கரிசல் தூசி. தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறை. கணவர் லாரியோடு வெளியூரில். வீட்டில் மூத்தவன் ஒருத்தன். உள்ளே வைத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். ஆய்வு எதைச் சொன்னாலும், அந்த முடிவு அந்த வீட்டுக்குச் சரியென்றே எனக்கு அன்றும் பட்டது, இன்றும் படுகிறது. எட்டாம் மாதத்தில் லென்ஸுக்கு முன்னால் சவ்வு படர்ந்து மறுபடி ஒருமுறை அறுவை அறைக்குள் போகவேண்டியிருந்தது. அந்த 72-இல் அவனும் ஒருவன்.

வைத்தியம் உண்மையில் தொடங்குவது வீட்டுக்கு வந்த பிறகு. நல்ல கண்ணை ஒட்டுப்போட்டு மூடவேண்டும். இழந்த இடத்தை மற்ற கண் மூளையில் திரும்பப் பிடிக்க அது ஒன்றுதான் வழி. அந்த அமெரிக்க ஆய்வில் கடைப்பிடித்த அளவு: எத்தனை மாதக் குழந்தையோ அத்தனை மணி நேரம் தினமும், எட்டு மாதத்துக்குப் பிறகு விழித்திருக்கும் நேரத்தில் பாதி. எழுதும்போது ஒரு வரி. செய்யும்போது வருஷக் கணக்கு.

ஒரு நாள் மத்தியானம் நான் அங்கே இருந்தேன். அவனுக்கு ஒன்றரை வயது. ஒட்டுப்போடும் அட்டையை அவள் எடுத்ததுமே அவன் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டான். இழுத்து மடியில் போட்டு, பின்தாளை வாயால் உரித்து, ஒரு கையால் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு வலது கண்ணின் மேல் ஒட்டினாள். அவன் வீறிட்டான். தெரிகிற கண்ணை மூடிவிட்டுத் தெரியாத கண்ணால் பார் என்றால் எந்தக் குழந்தைதான் சம்மதிக்கும்? மே மாத வியர்வையில் ஒரு மணி நேரத்துக்குள் ஓரம் பிரிந்தது. பிரிந்த ஓரத்தை அவன் விரல் கண்டுபிடித்தது. மறுபடி முதலிலிருந்து. கன்னத்தில் பசை பட்ட இடம் சிவந்து தடித்திருந்தது. "நாந்தான் அவனுக்கு வில்லி, அத்தை" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் ஒரு கிண்ணத்தில் பொரிகடலையைப் போட்டு அவன் முன் வைத்தாள். ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துத் தின்னவேண்டும். அழுகை அடங்கி, முகத்தைக் கிண்ணத்துக்குள் கவிழ்த்துத் தடவித் தடவி அவன் எடுக்கத் தொடங்கினான். புறப்படும்போது பார்த்தேன், தடவாமல் நேராக ஒன்றை எடுத்தான்.

இந்த வேலையை மருத்துவமனை செய்துதர முடியாது. பள்ளிக்குப் போகும் வயதில் ஆசிரியரின் துணை வேண்டும். செயற்கை லென்ஸ் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் தன்னை மாற்றிக்கொள்ளாது என்பதால், பிள்ளைக்கு வாசிக்கத் தனிப் பவர் சேர்ந்த பைஃபோக்கல் கண்ணாடி தேவைப்படும்; முதியவர் கண்ணாடியில் கீழே இருக்கும் கோடு, குழந்தைக்குப் பாப்பாவின் நடுவே வரும்படி உயர்த்தி அமைக்கவேண்டும், இல்லாவிட்டால் அதன் வழியாகப் பார்க்கவே மாட்டான். இதோடு கிளாகோமா என்னும் கண்நீர் அழுத்த நோய். கைக்குழந்தைப் பருவத்தில் புரை எடுத்த கண்ணில் அது எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம். மேலே சொன்ன ஆய்வின் குழந்தைகளில் பத்து வருஷத்துக்குள் ஐந்தில் ஒருவருக்கு மேல் வந்திருந்தது. லென்ஸ் வைத்ததாலோ வைக்காததாலோ அது குறையவில்லை. வலிக்காது, சிவக்காது. அளந்து பார்த்தால்தான் தெரியும். ஆயுசு முழுக்க அளக்கவேண்டும்.

காலம் கடந்து வந்த குழந்தைகளைப் பற்றியும் சொல்லியாகவேண்டும், இல்லையென்றால் இதைப் படிக்கும் யாரோ ஒரு பெற்றோர் மனம் விட்டுப்போவார்கள். 1688-இல் வில்லியம் மோலினோ என்ற அயர்லாந்துக்காரர் தத்துவவாதி ஜான் லாக்குக்கு ஒரு கேள்வி அனுப்பினார்: பிறவியிலிருந்து பார்வையில்லாத, உருண்டையையும் கனசதுரத்தையும் தொட்டு அறிந்த ஒருவனுக்குத் திடீரென்று பார்வை வந்தால், தொடாமலே எது எது என்று சொல்வானா? முன்னூறு வருஷம் விவாதமாகவே கிடந்த கேள்விக்கு விடை இந்தியாவிலிருந்து வந்தது. எம்.ஐ.டி.யைச் சேர்ந்த பவன் சின்ஹா தொடங்கிய பிரகாஷ் திட்டத்தில், வட இந்தியக் கிராமங்களில் அதுவரை அறுவை கிடைக்காத பிள்ளைகளுக்கு டெல்லியில் சிகிச்சை அளித்தார்கள். எட்டிலிருந்து 17 வயதுவரை ஐந்து பேர். அறுவை முடிந்து கட்டுப் பிரித்த உடனே, தொட்ட பொருளைப் பார்வையால் அடையாளம் காட்டச் சொன்னபோது குருட்டாம்போக்கில் சொல்வதற்குச் சற்று மேலேதான் அவர்களால் முடிந்தது. ஆனால் சில நாளிலேயே, யாரும் பாடம் நடத்தாமல், அந்தத் திறன் மளமளவென்று கூடியது. 2011-இல் வெளியான அந்த முடிவைப் படித்தபோது எனக்குப் பெரிதாகத் தோன்றியது தத்துவக் கேள்வியின் விடை இல்லை. பத்து வயதைத் தாண்டியும் மூளையின் கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை என்பதுதான். கூர்மையான பார்வை வராமல் போகலாம். வழி தெரியும், முகம் தெரியும், பஸ் எண் தெரியலாம். ஆறு வாரத்தைத் தவறவிட்டவர்கள் ஆறு வருஷம் ஆனாலும் வரலாம்.

ஆனாலும் முதலில் பார்க்கவேண்டியது பிறந்த இடத்தில்தான். இருட்டறையில் கண்ணாய்வுக் கருவியின் ஒளியைக் குழந்தையின் இரண்டு கண்ணிலும் அடித்தால், விழித்திரையிலிருந்து செம்மஞ்சளாக ஓர் ஒளி திரும்பி வரும். வராவிட்டாலோ, இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் இருந்தாலோ கண் மருத்துவரிடம் அனுப்பவேண்டும். அரை நிமிஷ வேலை. 2013-இல் வந்த தேசியக் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின் பட்டியலில் பிறவிக் கண்புரையும் இருக்கிறது. பிரசவ வார்டை விட்டு வீட்டுக்குப் புறப்படும் முன் "கண்ணைப் பார்த்தாச்சா சிஸ்டர்?" என்று கேட்பது தாய்க்கும் பாட்டிக்கும் உரிமை, வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடமும் கேட்கலாம். ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் ஒரு கண் சிவப்பாகவும் மறு கண் வெள்ளையாகவும் விழுந்தால் அந்தப் போட்டோவோடு அன்றைக்கே போகவேண்டும்.

எங்கள் பையனுக்கு இப்போது ஆறு வயது. வைத்தபோது மிச்சம் விட்ட பிளஸ் எல்லாம் எப்போதோ கரைந்து, இடது கண்ணுக்கு மைனஸ் 2 கண்ணாடி வந்துவிட்டது. அந்தக் கண்ணால் மட்டும் பார்த்து, பார்வை அட்டையில் 6/24 வரி வரைக்கும் வாசிக்கிறான். ஆறு வாரத்தில் போயிருந்தால் இன்னும் இரண்டு வரி கீழே இறங்கியிருப்பானா என்று அக்கா சில சமயம் கேட்பாள். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. ஒட்டு இப்போது நாளுக்கு இரண்டு மணி நேரம். சாயங்காலம் வீட்டுப்பாடம் எழுதும்போது அவனே ஒட்டிக்கொள்கிறான். அழுத்தம் பார்க்க அடுத்த தேதி பொங்கல் கழிந்து வரும் செவ்வாய்க்கிழமை. பழைய சீட்டுகளை எல்லாம் அவன் அம்மா ஒரு பிளாஸ்டிக் உறையில் தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறாள். கண்ணின் நீளம் என்று முதல் சீட்டில் 18.4 என்றிருக்கிறது, கடைசிச் சீட்டில் 22.1.